படம் எங்கே கெட்டது? டெல்டாவில் கேமரா பழகுபவருக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மன்னார்குடி பக்கம் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாக விடிகாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கேமராவோடு வயல் வரப்பில் நடக்கிறேன். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா, ஒரு 18-55 லென்ஸ், பிறகு காசு சேர்த்து வாங்கிய ஒரு 55-250. இதைப் படிக்கும் உங்களிடமும் கிட்டத்தட்ட இதுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு படம் சரியில்லை என்று தோன்றினால் நேராக எடிட்டிங்கில் உட்கார்ந்து விடுவேன். ஒன்று மாற்றி ஒன்றாக எல்லா ஸ்லைடரையும் இழுப்பேன். படம் இன்னும் மோசமாகும். வலி ஓரிடம், தைலம் தேய்த்தது வேறிடம் என்று புரிய இரண்டு வருடம் ஆனது. படம் நான்கு இடங்களில் கெடலாம்: வெளிச்சத்தில், கையில், லென்ஸ் கண்ணாடியில், எடிட்டிங்கில். எங்கே கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை.

கேமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகுதான். அதை நம்ப வேண்டாம். வீட்டுக்கு வந்து கணினியில் 100 சதவீத அளவில் பெரிதாக்கி, படத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கீழே சொல்லும் எல்லாமே அப்படிப் பார்த்த பிறகு செய்ய வேண்டியவை. சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

படம் கலங்கலாக இருக்கிறது

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் பேர் தப்பாகக் கணிப்பதும் இதைத்தான். “லென்ஸ் சரியில்லை” என்று முடிவுகட்டி விடுகிறார்கள். கலங்கலுக்கு நான்கு தனித்தனிக் காரணம் உண்டு, நான்கும் படத்தில் வெவ்வேறு தடயம் விடும்.

ஓர் ஆனி மாதம், குறுவை நடவு. மேகம் மூடிய காலை. வரப்பில் நின்று கேட்டேன்: “அக்கா, நீங்க நடுறத ஒரு படம் எடுத்துக்கலாமா?” நிமிராமலே சொன்னார்: “எடுத்துக்க தம்பி. மூஞ்சியெல்லாம் சேறா இருக்கு, பரவால்லயா?” பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், தண்ணீரில் கிடந்த நாற்று முடிச்சைக் கட்டியிருந்த வைக்கோல் இழை இழையாகத் தெரிகிறது. அதன் மேல் ஒட்டியிருந்த சேற்றுத் துளி கூடத் தெரிகிறது. அக்காவின் வலது கை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி இழுபட்டிருக்கிறது. ஷட்டர் வேகம் பார்த்தேன், 1/60, அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கு.

அசையாத பொருள் கூர்மை, அசைந்தது மட்டும் இழுவல் என்றால் அது பொருளின் அசைவு. நடவு போடும் கைக்கு 1/250 வேண்டும். நாற்று முடிச்சைத் தூக்கி வீசும் கணத்துக்கு 1/500. வடுவூர் ஏரியில் பறக்கும் நாரைக்கு 1/1000-க்கு மேல் போங்கள், 1/2000 கிடைத்தால் இன்னும் நல்லது. லென்ஸில் இருக்கும் அதிர்வு தடுப்பு வசதி இங்கே உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், நடவுக்காரர் கையை நிறுத்தாது.

படம் முழுவதும், வரப்பு, மரம், மனிதர் எல்லாமே ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் அது உங்கள் கை அசைவு. தூரத்து விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள். புள்ளியாக இருக்க வேண்டியது சின்னக் கோடாகவோ புழு மாதிரி வளைந்தோ இருக்கும். பழைய கணக்கு ஒன்று இன்றும் நன்றாக வேலை செய்கிறது: லென்ஸ் எத்தனை மி.மீ. என்று பார்த்து, சென்சார் (படம் பதியும் சில்லு) சிறியதாக உள்ள கேமராவாக இருந்தால் அதை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கி, அந்த எண்ணை ஷட்டரின் கீழ்ப்பகுதியாக வையுங்கள். 250 மி.மீ. என்றால் 1/400. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தினால் இதற்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கலாம்.

மூன்றாவது, ஏதோ ஒன்று கூர்மையாக இருக்கிறது, ஆனால் அது நீங்கள் விரும்பியது இல்லை. ஆள் மங்கல், பின்னாலிருக்கும் பனைமரம் தெளிவு. கேமராவை எல்லாப் புள்ளியிலும் தேட விட்டால் அது தனக்கு எளிதான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி அதைக் கண்ணின் மேல் வையுங்கள். ஆள் நகர்ந்தால் தொடர் ஃபோகஸ்.

நான்காவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கோடியக்கரையிலும் வேதாரண்யம் உப்பளத்துப் பக்கமும் பகல் பதினோரு மணிக்குப் பெரிய லென்ஸை வைத்துத் தூரத்துப் பூநாரையை எடுத்தால், ஷட்டர் 1/2000 வைத்தாலும், ஃபோகஸ் சரியாக விழுந்தாலும், ஒரு இறகு கூடக் கூர்மையாக வராது. விளிம்பெல்லாம் உருகின மாதிரி நெளியும். அது கானல். சூடான தரைக்கு மேல் காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஒளி வளைந்து வருகிறது. இதற்கு கேமராவில் பொத்தான் இல்லை, எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் போகாது. தரை சூடேறும் முன் போக வேண்டும், அல்லது பறவை அருகில் வரும்வரை காத்திருக்க வேண்டும். லென்ஸை மாற்றக் கடன் வாங்கும் முன் ஒரு தடவை காலை ஆறரை மணிக்குப் போய் எடுத்துப் பாருங்கள்.

ஷட்டரை உயர்த்தினால் வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் எண்) ஏற்ற வேண்டும், புள்ளி விழுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: ஏற்றுங்கள். புள்ளியை எடிட்டிங்கில் பெருமளவு குறைக்கலாம். இழுபட்ட விரலை மீட்க நான் தொட்ட எந்த ஸ்லைடராலும் முடியவில்லை. இன்னொன்று, ஐஎஸ்ஓ 400-ல் இருட்டாக எடுத்துவிட்டு கணினியில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்கினால் நிழல் பகுதியில் மண் தூவினாற்போல் புள்ளியும் கோடும் கிளம்பும். அதே காட்சியை 3200-ல் சரியான வெளிச்சத்தோடு எடுத்தால் பல கேமராக்களில் அதைவிடச் சுத்தமாகவே வரும். குறைந்த ஐஎஸ்ஓ என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம்.

கொக்கு வெள்ளைத் தாளாகிறது, மார்கழிப் பனி அழுக்காகிறது

இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் காரணம் ஒன்றே. உங்கள் கேமராவின் ஒளிமானிக்கு எது கொக்கு, எது சேறு என்று தெரியாது. காட்சி எப்படியிருந்தாலும் மொத்தத்தில் நடுத்தர சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

டிராக்டர் சேறு அடிக்கும்போது பின்னாலேயே பத்து இருபது கொக்கு இறங்கும். சட்டகத்தில் முக்கால்வாசி கறுத்த சேறு, நடுவில் சின்ன வெள்ளை. கேமரா சேற்றைப் பார்த்து “இருட்டு” என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது. கொக்கின் இறகு வரி எல்லாம் அழிந்து வெறும் வெள்ளை ஓட்டை. அப்படி எரிந்துபோன வெள்ளையில் தகவலே இல்லை, எடிட்டிங்கில் இறக்கினால் சாம்பல் நிறத் திட்டுதான் வரும். பிளஸ் மைனஸ் பொத்தானை மைனஸ் 1-க்கு இறக்கி எடுங்கள். எரிந்த இடம் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை பெரும்பாலான கேமராவில் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். கொக்கின் முதுகு சிமிட்டாத அளவுக்கு இறக்கினால் போதும்.

மார்கழிக் காலையில் நேர்மாறு. சட்டகம் முழுக்க வெண்பனி. கேமரா “அதிக வெளிச்சம்” என்று நினைத்துக் குறைக்கிறது. கோலம் போட எழுந்தவர்களெல்லாம் பார்த்த அந்த வெண்மை படத்தில் சாக்கு நிறமாக வரும். பிளஸ் 1 வையுங்கள். வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேர் வரிசையாக நிற்கும் கல்யாணப் படத்துக்கும் இதே மருந்து.

வெயிலில் நின்று திரையைப் பார்த்து வெளிச்சத்தை எடைபோடாதீர்கள். நடுப்பகலில் திரை இருட்டாகத் தெரியும், கூட்டிவிடுவீர்கள். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வெயிலிலும் மாறாது.

முகத்தில் மூன்று நிறம், படத்தில் குறுக்குக் கோடு

கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்களில் வரும் நோய். ஜன்னல் பக்கக் கன்னம் நீலம், டியூப்லைட் படும் நெற்றி பச்சை, அலங்கார விளக்கு படும் தாடை மஞ்சள். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸ், ஒரு வகை வெளிச்சத்தைத்தான் ஒரு நேரத்தில் சரிசெய்யும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், எண்ணெய் விளக்குச் சுடர் 1900 பக்கம். இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டை ஒரே எண்ணால் சமாதானம் செய்ய முடியாது. ஆளை ஜன்னலோரம் நகர்த்துங்கள், இல்லையென்றால் ஒரு வகை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். “அண்ணே, அந்த மஞ்ச லைட்ட மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துறீங்களா?” என்று கேட்டால் பந்தல்காரர் மறுத்து நான் பார்த்ததில்லை. குத்துவிளக்கு ஏற்றும் படத்தில் மட்டும் மஞ்சளை முழுதாகத் துடைக்காதீர்கள். அந்தச் சூடு போனால் விளக்கு எரிவதாகவே தோன்றாது.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தால் நிறத்தை வீட்டில் வந்து திருத்தலாம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. நிறத்தை இழுக்கும்போது அந்த வித்தியாசம் வானத்திலும் தோலிலும் பளிச்சென்று தெரியும்.

குறுக்கே வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டை விழுந்தால் மின்சாரத்தைக் கவனியுங்கள். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் 1/100 அல்லது 1/50 வைத்தால் முழு ஏற்ற இறக்கமும் உள்ளே அடங்கிவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கலுக்கு வாருங்கள். தவில் வாசிப்பவர் விரலில் மாட்டியிருக்கும் கூடு அந்த வேகத்தில் இழுபடும், ஆனால் முகம் நிற்கும். எனக்கு அந்த இழுவல் பிடித்திருக்கிறது. தவிலின் வேகம் அதில்தான் தெரிகிறது.

கோயில் விமானம் பின்னால் சாய்கிறது

தஞ்சைப் பெரிய கோயிலில் முதல் படம் எடுத்த எல்லோருக்கும் இது நடந்திருக்கும். 216 அடி விமானத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால், சென்சார் கட்டடத்துக்கு இணையாக இல்லாமல் சாய்கிறது. மேலே போகப் போகக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும், கோயில் மல்லாந்து விழுவதுபோல் இருக்கும். விமானமே மேலே குறுகும் வடிவம் என்பதால் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. பக்கத்து மண்டபத் தூணைப் பாருங்கள், அது நேராக நிற்கிறதா என்று.

பின்னால் போங்கள். அங்கே பிராகாரம் விசாலமானது, போக இடம் இருக்கிறது. கேமராவை அண்ணாக்காமல் நேராகப் பிடியுங்கள். கீழே தரை நிறைய வரும், வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும், போனில் என்றால் ஸ்னாப்சீடிலும் சாய்வு நிமிர்த்தும் கருவி உண்டு. அது ஓரங்களைத் தின்னும், அதனால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். முழுக்க நிமிர்த்த வேண்டாம், நூலளவு சாய்வு மிச்சம் வையுங்கள். நாம் அண்ணாந்து பார்த்த உயரம் அதில்தான் இருக்கிறது.

கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் வாசல் பக்கமிருந்து எடுத்தால் வெயில் முகத்தில் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், கருநிழல்தான் கிடைக்கும். மாலைப் பொன்னிறம் வேண்டுமானால் பிராகாரத்தைச் சுற்றித் தென்மேற்கு மூலைக்கு நடந்து போங்கள். அங்கே நின்றும் படத்தில் பொன்னிறம் வரவில்லை என்றால் தானியங்கி ஒயிட் பேலன்ஸ்தான் அதை அழிக்கிறது, “வெயில்” குறிக்கு மாற்றுங்கள். 1010-ல் குடமுழுக்கு கண்ட கல் அந்த அரைமணி நேரத்தில் எப்படி நிறம் மாறுகிறது என்று ஒரு தடவையாவது கேமராவை இறக்கி வைத்துவிட்டும் பாருங்கள். டிரைபாட் கொண்டுபோவதாக இருந்தால் முன்கூட்டியே தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பல கோயில்களில் செல்போனுக்கே தடை இருக்கிறது, வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது.

வயல் பச்சை கண்ணைக் குத்துகிறது

இது முழுக்க எடிட்டிங் மேசையில் வரும் நோய். காரணம் ஆசை. கண்ணில் பார்த்த பச்சை படத்தில் வரவில்லை என்று, எல்லா நிறத்தையும் அடர்த்தியாக்கும் சாச்சுரேஷனை இழுக்கிறோம். வயல் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிறது, அக்காவின் தோலும் ஆரஞ்சாகிறது, வானமும் கெடுகிறது.

முதலில், பச்சை ஏன் வெளிறியது? நெல் தாளின் மேல் வானத்தின் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது. அந்தப் பளபளப்புக்கு அடியில் பச்சை ஒளிந்திருக்கிறது. ஒரு போலரைசர் கண்ணாடியை லென்ஸில் மாட்டி, சூரியனுக்குப் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சுழற்றினால் திரை விலகுவதுபோல் பச்சை வெளியே வரும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கும், ஷட்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயலில் வானம் பிரதிபலிக்கும் படம் வேண்டுமென்றால் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரதிபலிப்பையும் அது துடைத்துவிடும்.

அப்புறம் எடிட்டிங். நாற்றங்காலின் கிளிப்பச்சை, மென்பொருளின் கணக்கில் பச்சையைவிட மஞ்சளில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறது. பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தும் ஒன்றும் நடக்காமல் தவித்தவர்கள் மஞ்சள் ஸ்லைடரைத் தொட்டுப் பாருங்கள். நான் மஞ்சளின் சாயலைக் கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளி, பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்குவேன். சாச்சுரேஷனைத் தொடவே மாட்டேன். நாற்றங்காலின் கிளிப்பச்சை வேறு, பூக்கும் முன் சம்பாவின் கரும்பச்சை வேறு. இரண்டும் ஒரே நிறமாக வந்தால் படம் பார்க்கும் விவசாயி, எந்தப் பட்டம் என்று தெரியாமல் விழிப்பார். அதைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தெரியாது.

கோபுரத்தையும் தென்னையையும் சுற்றி வெள்ளை விளிம்பு ஒளிர்கிறதா? எடிட்டிங்கில் விளிம்புகளை எடுத்துக்காட்டும் கிளாரிட்டியோ ஸ்ட்ரக்சரோ எச்டிஆரோ அதிகமாகிவிட்டது. பாதியாகக் குறையுங்கள், எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். கண் சீக்கிரம் பழகிவிடும், இடைவெளி விட்டால்தான் மிகை தெரியும்.

விடிகாலையில் லென்ஸ் பூத்துப்போகிறது

ஏசி அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவை நேரே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனால், ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படியும். துடைத்தாலும் திரும்பப் பூக்கும். பையை மூடியபடியே வெளியே 20, 30 நிமிடம் வையுங்கள். அதுவரை லென்ஸைக் கழற்றாதீர்கள், ஈரம் உள்ளே போய்விடும். நான் முதல் நாள் இரவே பையைத் திண்ணைப் பக்க அறைக்கு மாற்றிவிடுகிறேன், ஏசிக் காற்று படாத அறை.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள், துணிப்பையில், தோல் உறையில் இரண்டு மாதம் கிடந்த லென்ஸை ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கம் டார்ச், பின்பக்கம் கண். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிசாகக் கிளை விட்ட வெள்ளை வேர். படத்தில் அதன் அறிகுறி வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது ஒரு மெல்லிய பால் படர்ந்தாற்போல் வருவது. ஆரம்பத்தில் சர்வீஸ் செய்பவரால் கழுவ முடியும், நாள்பட்டால் கண்ணாடி மேல் பூச்சையே அரித்துவிடும். அன்றிலிருந்து காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், தவிட்டுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய் உட்காரும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரே வரி: தெருவிளக்கைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டமும் குறுக்கே ஒரு கீற்றும் வந்தால், லென்ஸில் விரல் எண்ணெய். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள்.

வானத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளி

லென்ஸின் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். புள்ளி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் என்றால் சென்சாரில் தூசி. ரப்பர் ஊதுபந்தால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம். அறுவடை நேரத்தில் களத்து மேட்டில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்த்தாலே பாதிப் புள்ளி வராது.

திரையில் நன்றாக இருந்தது, பிரிண்ட் இருட்டாக வந்தது

அந்த நடவுப் படத்தை, மறுவாரம் 1/320-ல் திரும்ப எடுத்ததைச் சொல்கிறேன், 8×12 அங்குலம் பிரிண்ட் போட்டேன். அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 2400×3600 பிக்சல் இருந்தால் போதும், இருந்தது. கூர்மையில் குறையில்லை. ஆனால் அக்கா தலையில் கட்டியிருந்த துண்டின் நிழலில் முகமே தெரியவில்லை.

பிரிண்ட் போட்ட லேப்பின் மேல் தவறில்லை. என் திரையின் வெளிச்சம் முழு அளவில் இருந்தது. திரை தானே ஒளிர்கிறது, தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். பிறகு எடிட் செய்யுங்கள். மற்ற இடம் மாறாதபடி முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து முக்கால் ஸ்டாப் தூக்கினேன். லேப்புக்குக் கொடுக்கும் ஃபைல் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்து, அங்கே அதைக் கவனிக்காமல் அச்சிட்டால் நிறம் வெளிறி வரும். வாட்ஸப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், சுருங்காமல் போய்ச் சேரும்.

இரண்டாவது பிரிண்டை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எங்கம்மா குனிஞ்சு நிக்கிற மாதிரியே இருக்கு தம்பி” என்றார். வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அடுத்த தடவை போனபோது பார்த்தால், பளபளப்புத் தாளில் வாசல் வெளிச்சம் அடித்து, நிற்கும் இடத்திலிருந்து படம் தெரியவில்லை. அதே ஃபைலை மேட் தாளில் இன்னொன்று போட்டு, பழையதை எடுத்துவிட்டு மாட்டிக் கொடுத்தேன்.